மெதுவான கை

ஆல்ஃப்ரெட் பினேயின் பெயர் அறிவுத்திறன் சோதனையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 1905இல் அந்தச் சோதனையை உருவாக்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் அவர் வேறொரு கூட்டத்தின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். பாரிஸ் நகரத்துக் கண்கட்டு வித்தைக்காரர்களைச் சோர்போனில் இருந்த தன் ஆய்வகத்துக்கு வரவழைத்து, அவர்களுடைய கைகளைப் பக்கத்திலிருந்து கவனித்தார். அது போதாதென்று, நகரும் உடலை அடுத்தடுத்த படங்களாகப் பிடிப்பதில் தேர்ந்தவரான ஜார்ஜ் டெமெனியைக் கொண்டு அந்தக் கைகளைப் படமெடுக்கவும் செய்தார். சினிமா அப்போது இன்னும் வெளிச்சத்துக்கு வரவில்லை. லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895 டிசம்பரில்தான்.

அந்த ஆய்வைப் பற்றி 1894இல் பினே எழுதினார். படங்களில் வித்தை காணாமல் போயிருந்தது. நேரில் கண்ணை ஏமாற்றிய அசைவு, வரிசையாக அடுக்கிய படங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. பொருள் எந்தக் கையில் தங்கியது, எந்தக் கை வெறுமையாகப் போனது என்பதில் ஒளிவுமறைவே இல்லை. வித்தைக்காரர் செய்த எல்லாமே படத்தில் இருந்தன. மாயம் மட்டும் இல்லை. அப்படியானால் அது கைகளில் இருந்திருக்க முடியாது. துண்டுகளை ஒட்டவைத்துத் தொடர்ச்சியாகப் பார்க்கிறவரிடம்தான் இருந்திருக்க வேண்டும்.

சீட்டு வித்தை என்றதும் எல்லோரும் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: கை அவ்வளவு வேகம், கண்ணால் பிடிக்க முடியவில்லை. வித்தைக்காரர்கள் இதை மறுப்பதில்லை. மறுத்தால் அவர்களுக்குத்தான் நட்டம். ஆனால் கணக்கு இடிக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் மேரி பாட்டரும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், படங்களை நொடிக்கு எழுபதுக்கும் மேல் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு படமும் திரையில் தங்கியது 13 மில்லிநொடிதான். அப்படியும், சொல்லப்பட்ட காட்சி அந்த வரிசையில் இருந்ததா என்று பார்த்தவர்களால் குருட்டாம்போக்கில் ஊகிப்பதைவிட மேலாகவே சொல்ல முடிந்தது. ஒரு சீட்டை இன்னொரு சீட்டின் இடத்துக்கு நகர்த்தும் கை, எவ்வளவு பழகியதானாலும், நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்குக் கீழே போவது அரிது. வேகப் பந்தயம் வைத்தால் கை தோற்றுவிடும்.

வேகம் இன்னொரு வகையிலும் கெடுதல் செய்யும். நம் பார்வையின் ஓரப்பகுதி எழுத்தைப் படிக்காது, நிறத்தையும் சரியாகச் சொல்லாது. சட்டென்று ஏதாவது அசைந்தால் மட்டும் உடனே பிடித்துக்கொள்ளும். வெடுக்கென்ற ஓர் அசைவு போதும், நாம் நினைப்பதற்கு முன்பே கண்மணி அங்கே திரும்பிவிடும். ஆக, வேகமாகச் செய்கிற கற்றுக்குட்டி தன் ரகசியத்தை மறைப்பதில்லை. இதோ இங்கே பாருங்கள் என்று மணியடித்துக் கூப்பிடுகிறான்.

அர்ஜென்டினாவின் ரெனே லவாண்ட் (1928–2015) இதற்கு நேரெதிரான துருவம். ஒன்பது வயதில் விபத்தில் வலது கையை இழந்தவர். மிச்சமிருந்த இடது கையால் மட்டும் சீட்டு வித்தை பழகி உலகெங்கும் நிகழ்த்தினார். அவருடைய பேர்பெற்ற உருப்படியில் கறுப்புச் சீட்டுகளும் சிவப்புச் சீட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு, பிறகு தாமாகவே பிரிந்து நிற்கும். அதையே திரும்பச் செய்வார், முன்னைவிட மெதுவாக. இன்னொரு முறை, இன்னும் மெதுவாக. இதற்குமேல் மெதுவாகச் செய்ய முடியாது என்பதே அந்த உருப்படியின் அடையாள வாசகமாகிவிட்டது. ஒரே கை, அதுவும் நிதானமாக. வேகக் கோட்பாட்டை மூட்டைகட்ட அவர் ஒருவரே போதும்.

இந்த அத்தியாயத்துக்கு ஒரேயொரு வித்தையை எடுத்துக்கொள்வோம். வித்தைக்காரர்கள் ‘கலர் சேஞ்ச்’ என்பார்கள். பார்க்கிறவருக்குத் தெரிவது இவ்வளவுதான்: இடது கையில் சீட்டுக்கட்டு, முகம் மேல்நோக்கி. மேலே இருப்பது ஆட்டின் ராணி. வலது உள்ளங்கை விரித்துக் காட்டப்படுகிறது, அதில் ஒன்றுமில்லை. அந்த வெறுங்கை ராணியின் மேல் ஒருமுறை தடவிப் போகிறது. கை விலகியதும் அங்கே இருப்பது இஸ்பேட் ஏஸ். சீட்டை எடு, ஞாபகம் வைத்துக்கொள், திரும்பச் செருகு, கலைத்துப் போடு என்ற நீட்டி முழக்கல் எதுவும் கிடையாது. சிவப்பு கறுப்பாகிறது, அவ்வளவுதான். மொழி தெரியாதவருக்கும் குழந்தைக்கும் புரியும். நெருக்கத்தில் நிகழ்த்தும் சீட்டு வித்தைகளில் கண்ணுக்கு மட்டுமே விருந்து வைக்கிற வகை இது.

இந்த உருமாற்றத்தின் பல வழிகள் 1902இல் சிகாகோவில் வெளிவந்த ‘தி எக்ஸ்பர்ட் அட் தி கார்ட் டேபிள்’ என்ற புத்தகத்தில் இருக்கின்றன. இரண்டு கையால் செய்பவை, ஒரே கையால் செய்பவை எனத் தனித்தனியே. எழுதியவர் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ். அது புனைபெயர், உண்மையில் அவர் யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. சூதாட்ட மேசையின் தில்லுமுல்லுகளையும் சீட்டு வித்தைகளையும் விவரிக்கும் அந்த நூலின் முன்னுரையில், தனக்குப் பணம் தேவைப்படுகிறது, அதனால் எழுதினேன் என்று அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நூலாசிரியர்கள் முன்னுரையில் உண்மை சொல்வது அபூர்வம். ஒரு சூதாடி அதைச் செய்திருக்கிறார்.

அதில் உள்ள ஒரு வழியின் சாரம் இது. ஏஸ் வெளியிலிருந்து வருவதில்லை. தொடக்கத்திலிருந்தே ராணிக்கு அடியில், இரண்டாவது சீட்டாக உட்கார்ந்திருக்கிறது. தடவுகிற கையின் மறைவில் அந்த இரண்டு சீட்டுகளும் இடம் மாறிக்கொள்கின்றன. அவ்வளவுதான். நூற்றிருபது ஆண்டுகளாக அச்சில் இருக்கிற ரகசியம். இதை இங்கே சொன்னதால் எந்த வித்தைக்காரரின் பிழைப்பும் கெடப்போவதில்லை. தெரிந்துகொள்ள ஒரு பத்தி போதும். கைக்கு வரத்தான் மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களில் என்ன நடக்கிறது என்பதில்தான் அறிவியலுக்கு வேலை இருக்கிறது.

முதலில் சீட்டு. நல்ல சீட்டு ஒற்றைத் தாள் அல்ல. இரண்டு தாள்களை, வெளிச்சம் ஊடுருவாத கறுப்புப் பசையால் ஒட்டிச் செய்தது. தடிமன் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். மேற்பரப்பு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் நுண்ணிய குழிகள் அழுத்தப்பட்டிருக்கும். இரண்டு சீட்டுகள் முழுப் பரப்பிலும் ஒட்டாமல் மேடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டு, இடையே காற்று தங்குவதால் வழுக்கிப் போகும். கடைத்தெருவில் விற்கும் மலிவான சீட்டுக்கட்டில் இது இருக்காது. நான்கைந்து சீட்டுகள் சேர்ந்தே நகரும். போதாக்குறைக்கு நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று. காகிதம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வளையும். மழைக்காலச் சென்னையில் திறந்து வைத்த கட்டு மறுநாளே வேறு கட்டாகிவிடும். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துக் கற்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் விரலைத்தான் திட்டிக்கொள்கிறார்கள். பாதிக் குற்றம் காகிதத்தினுடையது.

அடுத்து விரல். 0.3 மில்லிமீட்டர் என்பது விரல்நுனிக்குச் சிறிய அளவே அல்ல. ஸ்வீடனில் 2013இல் நடந்த ஆய்வொன்றில், நுண்வரிப்பள்ளங்கள் பதித்த பரப்புகளையும் வழவழப்பான பரப்பையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பிரித்தறியச் சொன்னார்கள். சுமார் 13 நானோமீட்டர் உயரமே உள்ள வரிகளைக்கூட விரல்கள் உணர்ந்தன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் அதில் பதின்மூன்று. அப்படிப்பட்ட விரலுக்கு ஒரு சீட்டின் விளிம்பு என்பது மதில்சுவர். ஒன்றை மட்டும் நகர்த்துகிறோமா, இரண்டாக வருகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. விரலை நம்பக் கற்றுக்கொண்டால் போதும். கற்றுக்குட்டிக்கு அந்த நம்பிக்கை வருவதில்லை, குனிந்து குனிந்து கையைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

அமெரிக்காவின் ரிச்சர்ட் டர்னர் பார்வையற்றவர். சிறுவயதில் நோயால் பார்வை குறையத் தொடங்கி, பிறகு முழுதாகப் போயிற்று. சூதாட்ட மேசையின் கைத்திறன்களைச் செய்து காட்டுவதில் உலகின் முன்னணிக் கைகளில் ஒன்று அவருடையது என்பதில் வித்தைக்காரர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு கம்பெனி, சீட்டின் தரத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் வேலையையே அவருக்குக் கொடுத்திருந்தது. வெட்டிய விளிம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது வரை அவர் விரல் சொல்லிவிடும். அவரைப் பற்றி 2017இல் ‘டெல்ட்’ என்ற ஆவணப்படம் வந்தது. கண்ணை ஏமாற்றும் கலையின் உச்சத்தில் கண்ணே வேண்டியிராத ஒருவர் இருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்குவதில்லை.

தொடுவுணர்வு இருந்தால் மட்டும் ஆயிற்றா? அசைவு வேண்டுமே. இங்கே ஒரு சோவியத் விஞ்ஞானியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. 1920களில் மாஸ்கோவின் மத்தியத் தொழிலாளர் நிறுவனத்தில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், உளியின் தலையில் சுத்தியால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளைப் படமெடுத்து அளந்தார். சுத்தி ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் பாதை ஒவ்வொரு அடிக்கும் வேறாக இருந்தது. ஒரு மூட்டு கொஞ்சம் விலகினால் இன்னொன்று ஈடுகட்டியது. தேர்ந்த உடல் ஒரே அசைவை அச்சடித்துக்கொண்டிருப்பதில்லை. ஒரே தீர்வை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்கிறது. திரும்பச் செய்யாமலே திரும்பச் செய்வது என்பதுபோல இதை அவர் விளக்கினார்.

புதிதாகக் கற்பவரின் உடல் எதிர்மாறாக நடந்துகொள்ளும். கட்டுப்படுத்த வேண்டிய மூட்டுகள் அதிகம், கவனமோ குறைவு. ஆகவே உடல் பல மூட்டுகளை இறுக்கிப் பூட்டிவிடுகிறது. கலர் சேஞ்ச் பழகுகிறவரின் வலது கையைப் பாருங்கள். ஐந்து விரலும் ஒட்டி, மணிக்கட்டு விறைத்து, தோள் காதைத் தொட உயர்ந்திருக்கும். உள்ளே சீட்டு ஒழுங்காக மாறியும் இருக்கும். ஆனாலும் யாரும் ஏமாற மாட்டார்கள். அந்தக் கை எதையோ செய்கிறது என்பது பத்தடிக்கு அப்பால் தெரியும். பழகப் பழகப் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். தோள் இறங்கும், விரல்களுக்கு நடுவே வெளிச்சம் வரும். சீட்டை மாற்றுவது என்ற வேலை ஒருநாள் பின்னுக்குப் போய், தடவுவது மட்டும் முன்னால் நிற்கும்.

இதற்குக் குறுக்குவழி இல்லை. ஆனால் ஒரே மூச்சில் உட்கார்ந்து தேய்ப்பதைவிடப் பிரித்துப் பிரித்துப் பழகுவது நல்லது என்பதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. உறக்கமும் உதவலாம். மேத்யூ வாக்கர் குழு 2002இல், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 விழுக்காடு வேகமாகத் தட்டினார்கள் என்று காட்டியது. அதில் எவ்வளவு தூக்கத்தின் கொடை, எவ்வளவு வெறும் களைப்பு நீங்கியதன் பலன் என்று பிறகு வந்தவர்கள் வழக்காடியிருக்கிறார்கள். எப்படியானாலும், விரல் சொன்னபடி கேட்காதபோது கட்டை மூடிவைத்துவிட்டுப் படுப்பது நியாயமான முடிவுதான்.

பெரும்பாலோர் கண்ணாடி முன் பழகுவார்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரகசிய அசைவு நடக்கும் அந்தக் கணத்தில் பழகுகிறவர் தன்னையறியாமல் கண்ணை இமைத்துவிடுவார். தான் செய்யும் களவைத் தானே பார்க்க மனமில்லாததுபோல. கண்ணாடியில் வித்தை அற்புதமாகத் தெரியும், ஏனென்றால் மோசமான இடத்தை அவர் பார்க்கவே இல்லை. வித்தைக்காரர்கள் காலங்காலமாக அறிந்த தொல்லை இது. இப்போது கைப்பேசிக் கேமரா இருப்பதால் குட்டு உடனே வெளிப்பட்டுவிடுகிறது. பினேயின் ஆய்வகத்தில் இருந்த கருவி இன்று ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கிறது.

ஆனால் சரியாகச் செய்வது என்றால் எதைப்போலச் செய்வது? இங்கே எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. கிறிஸ்டியானா கவினா-பிரடேசி, குஸ்டாவ் குன் உள்ளிட்டோர் செய்தது. குன் உளவியலாளர், வித்தைக்காரரும்கூட. ஒரு பொருளை உண்மையாகவே எடுக்கும்போதும், அதன் பக்கத்தில் இல்லாத ஒரு பொருளை எடுப்பதாக நடிக்கும்போதும் விரல்கள் எவ்வளவு விரிகின்றன, எப்போது மூடுகின்றன என்று அளந்தார்கள். சாதாரண மனிதர்களின் நடிப்பு உண்மையிலிருந்து விலகியது. வித்தைக்காரர்களின் நடிப்பு உண்மையைப் போலவே இருந்தது. ஆனால் பொருள் கண்முன் இருந்தவரைதான். பொருளை மறைத்துவிட்டு நினைவிலிருந்து நடிக்கச் சொன்னபோது அந்தச் சிறப்பு போய்விட்டது. பொய்யான அசைவுக்கு அவர்கள் தனிப் பயிற்சி எடுத்திருக்கவில்லை என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். உண்மையான அசைவை உண்மையான பொருளிடமிருந்து கடன் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பயன்படுத்துகிறார்கள்.

கற்பவருக்கு இதில் நடைமுறைப் பாடம் உண்டு. ரகசியத்தைத் தொடவே தொடாமல், சும்மா ஒரு சீட்டின் மேல் தூசி தட்டுவதுபோல் கையால் தடவிப் பாருங்கள். கை எந்தக் கோணத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எப்படி விலகுகிறது? அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரகசியத்தோடு செய்ததையும் படமெடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத நாளில் வித்தை கைக்கு வந்துவிட்டது. அப்பாவியான தடவல் அரை நொடி எடுத்தால், கள்ளத் தடவலுக்கும் அதே அரை நொடிதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இனிப் பார்க்கிறவரின் பக்கம் போவோம். அவர் கண் எங்கே இருக்கிறது? விழித்திரையில் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கினால் அந்த நகம் மறைக்கும் அளவுதான். அந்தச் சிறு வட்டத்தை நொடிக்கு மூன்று முறை போல இங்குமங்கும் தாவவிட்டு, முழுக் காட்சியையும் பார்த்துக்கொண்டிருப்பதாக நம்புகிறோம். தாவலின் நடுவே பார்வை ஏறக்குறைய அடங்கிவிடும். மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது.

குன்னும் மைக்கேல் லாண்டும் 2006இல் ஒரு பழைய பந்து வித்தையைச் சோதித்தார்கள். வித்தைக்காரர் பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடிப்பார். மூன்றாம் முறை எறிவதுபோல் கையை மட்டும் அசைப்பார், பந்து உள்ளங்கையிலேயே இருக்கும். அப்போது அவர் மேலே நிமிர்ந்து பார்த்தால், பார்த்தவர்களில் 68 விழுக்காட்டினர் பந்து மேலேறிப் போனதைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் கையையே பார்த்திருந்தால் அது 32 விழுக்காடாகக் குறைந்தது. இதைவிட விசித்திரம், பார்வையைப் பதிவுசெய்த கருவி காட்டியது. பந்தைக் கண்டதாகச் சொன்னவர்களில் பெரும்பாலோரின் கண்கள் பந்து ‘போன’ இடத்துக்குப் போகவே இல்லை. வித்தைக்காரரின் முகத்தில் தங்கியிருந்தன. கண் ஏமாறவில்லை, அவர்கள் ஏமாந்தார்கள்.

சீட்டு வித்தையில் முகத்தின் வேலை இதுவே. கற்றுக்குட்டி தன் கையைப் பார்க்கிறான், எல்லோரும் அவன் கையைப் பார்க்கிறார்கள். தேர்ந்தவர் ராணியைக் காட்டிவிட்டு எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து ஏதாவது கேட்கிறார். பதில் சொல்லவேண்டியவர் தலைநிமிர்ந்தே ஆகவேண்டும். கேள்வியும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ராணி பிடிக்குமா, ராஜா பிடிக்குமா என்றால் போதும்.

சரி, கையையே முறைத்துப் பார்க்கும் பிடிவாதக்காரர்? அவரும் ஏமாறுகிறார். இதற்குப் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த வேப்யோர்ன் எக்ரோலும் சகாக்களும் ஒரு விளக்கம் தருகிறார்கள். ஒன்றின் பின்னால் பாதி மறைந்திருக்கும் பொருளை நாம் முழுதாகவே ‘பார்க்கிறோம்’. தூணுக்குப் பின்னால் நிற்கும் மாடு இரண்டு துண்டாகத் தெரிவதில்லை. இந்த நிரப்பலுக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. நிரப்பிக்கொள்ள எந்தத் தடயமும் இல்லாதபோது, மறைவிடம் காலியாக இருப்பதாகவே அழுத்தமாகத் தோன்றுகிறது. அங்கே ஏதாவது இருக்கலாம் என்று அறிவு சொன்னாலும் அந்தத் தோற்றம் கலைவதில்லை. ராணிக்கு அடியில் இருப்பது வெறும் ‘கட்டு’. அதில் ஒரு குறிப்பிட்ட சீட்டு காத்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தடவுகிற கைக்கு அடியில் ராணி தொடர்ந்து இருக்கிறாள் என்பதோ தோற்றமாக அல்ல, அறிவாகவே நமக்குப் படுகிறது. இரண்டு நம்பிக்கைகளும் ஒரே அரை நொடியில் பொய்க்கும்போது அதற்கு மாயம் என்று பெயர் வைக்கிறோம்.

இடம் போலவே காலமும் முக்கியம். கவனம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஒன்று முடிந்தது என்று தோன்றியதும் தளர்கிறது. இமைப்புகளும் அந்தத் தளர்ச்சியைத்தான் பின்தொடர்கின்றன. ஜப்பானின் தமாமி நகானோ குழு 2009இல், ‘மிஸ்டர் பீன்’ பார்த்துக்கொண்டிருந்தவர்களின் இமைப்புகள் ஒரே நேரத்தில் விழுவதைக் கண்டது. ஒரு செயல் முடியும் இடங்களில், பேசிவைத்ததுபோல் எல்லோரும் இமைத்தார்கள். பிறகு ரிச்சர்ட் வைஸ்மனும் நகானோவும் வித்தைக் காணொளியை வைத்து 2016இல் ஆராய்ந்தபோது, ரகசியம் நடக்கும் கணங்களோடு இமைப்புகள் பொருந்தி வந்தன. சிரிப்பு வந்தபின், ஒரு சிறு வித்தை முடிந்தபின், கட்டை நேராக்கித் தட்டும்போது. நல்ல வித்தைக்காரர் அடுத்த வித்தைக்கான வேலையை அங்கேதான் முடித்துக்கொள்கிறார். நம் திருவிழாக்களின் ஓரத்தில் மூணு சீட்டுக்காரன் செய்வதும் இதேதான். பந்தயம் கட்டியபின் அவன் ஒன்றும் செய்வதில்லை. செய்யவேண்டியதைப் பந்தயத்துக்கு முன்பே செய்துவிட்டான்.

வீட்டில் நூறு முறை சரியாக வந்தது, நாலு பேர் முன்னால் சொதப்புகிறதே என்று ஒவ்வொரு கற்றுக்குட்டியும் புலம்புவார். உடலியல் காரணம் எளிது. நீட்டிய கை எல்லோருக்கும் எப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது, நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, கண்ணுக்குத் தெரியாத அளவில். அட்ரினலின் ஏறினால் அந்த நடுக்கம் பெரிதாகும். உள்ளங்கை வியர்க்கும், சீட்டின் வழுக்கல் மாறும். இதோடு மனமும் சேர்ந்துகொண்டு, தானாக நடக்கவேண்டிய அசைவை மேற்பார்வை பார்க்க வரும். உளவியலாளர் சையன் பெய்லாக் கால்பந்து, கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் காட்டியது இதுதான். தேர்ந்தவரிடம் உன் கால் என்ன செய்கிறது என்று கவனிக்கச் சொன்னால் ஆட்டம் கெடும், புதியவருக்கு அதே கவனம் உதவும். ஆகவே நிகழ்த்தும்போது கையை நினைக்காமல் இருக்க வேறு எதையாவது நினைக்கவேண்டும். அதற்குத்தான் கதை. ராணிக்கு ஒரு மனக்குறை, ஏஸுக்கு ஒரு திமிர் என்று ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே செய்வது கேட்பவருக்காக மட்டுமல்ல; சொல்பவரின் கையைச் சொல்பவரிடமிருந்தே காப்பாற்றவும்தான்.

இன்று இந்த வித்தை பெரும்பாலும் கைப்பேசித் திரையில் வாழ்கிறது. பத்து நொடிக் காணொளி, ஒரே கோணம், பிடிக்கும்வரை எடுத்த பல முயற்சிகளில் ஒன்று. குறை சொல்லவில்லை, அந்தத் தலைமுறை கண்டுபிடித்த சில மாற்றங்கள் எர்ட்னேஸைத் தலைகுனியவைக்கும் அழகு. ஆனால் திரையில் பார்க்கிறவர் வெட்டி ஒட்டியிருப்பான் என்று எளிதில் தப்பித்துவிடலாம். இரண்டடி தூரத்தில், தன் வீட்டு விளக்கின் கீழ், தன் சொந்தச் சீட்டுக்கட்டில் பார்க்கிறவருக்கு அந்தத் தப்பிக்கும் வழி இல்லை. நெருக்கத்தின் மதிப்பு அதுதான்.

வித்தை முடிந்தபின் இன்னொரு வித்தை நடக்கிறது. 1887இல் இங்கிலாந்தில் எஸ். ஜே. டேவியும் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனும், ஆவிகள் எழுதுவதாகச் சொல்லப்பட்ட பலகை வித்தைகளைத் தந்திரத்தால் செய்துகாட்டி, பார்த்தவர்களை எழுதித் தரச் சொன்னார்கள். நேர்மையான, படித்த மனிதர்கள் எழுதினார்கள். முக்கியமான கணங்கள் விடுபட்டிருந்தன, நிகழ்ச்சிகளின் வரிசை மாறியிருந்தது, நடக்காதவை சேர்ந்திருந்தன. கலர் சேஞ்சிலும் இதுவே. மறுநாள் நண்பரிடம் சொல்லும்போது கை தடவியது காணாமல் போயிருக்கும். ‘தொடவே இல்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறியது’ என்பார். வித்தைக்காரர் உழைத்தது அரை நொடிக்கு. மிச்சத்தைச் சாட்சியே செய்துகொடுக்கிறார்.

இதனால்தான் ஒரே வித்தையை அதே ஆட்களுக்கு உடனே திரும்பச் செய்யாதே என்பது தொழிலின் பழைய விதி. முதல் முறை என்ன வரப்போகிறது என்று தெரியாதவர், இரண்டாம் முறை எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்தவராகிவிடுகிறார். விதியை உடைத்த பிரபலமான சம்பவம் 1922இல் சிகாகோவில் நடந்தது. ஒரு காலத்தில் ‘சீட்டுகளின் ராஜா’ என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்ட ஹூடினி, எந்த வித்தையையும் மூன்று முறை காட்டினால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சவால்விட்டிருந்தார். கனடாவிலிருந்து வந்த டாய் வெர்னான், சிறுவனாக எர்ட்னேஸின் நூலைக் கரைத்துக் குடித்தவர், ஒரு சீட்டில் ஹூடினியைக் கையொப்பமிடச் சொன்னார். அதைக் கட்டின் இரண்டாவது இடத்தில் வைத்தார். அது மேலே வந்தது. மறுபடி வைத்தார், மறுபடி மேலே. மூன்று முறையைத் தாண்டிப் போயும் ஹூடினிக்குப் பிடிபடவில்லை. இரண்டு சீட்டை ஒன்றாக எடுத்துக் காட்டும் உத்தியே அதற்குப் பின்னால் இருந்தது என்பது வித்தைக்காரர்கள் சொல்லும் ஒரு விளக்கம். அது சரியென்றால், 0.3 மில்லிமீட்டர் 0.6 ஆனதை அந்தப் பெரிய கண்கள் கவனிக்கவில்லை.

வெர்னான் 98 வயது வரை வாழ்ந்தார். ஹூடினியை ஏமாற்றியவர் என்ற பட்டத்தைப் பின்னாளில் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார். தன்னிடம் கற்க வந்த இளைஞர்களிடம் அவர் வலியுறுத்தியதெல்லாம் ஒன்றுதான்: கை இயல்பாக இருக்கவேண்டும்.